ரெத்தினத்தின் தாடி

புதுப் பிளேடைக் கையில் எடுக்கும்போது நீங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரெத்தினம் வேலையைத் தொடங்கமாட்டார். உங்கள் மூக்குக்கு நேரே அதை நீட்டியபடி நிற்பார். நீங்கள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் உறையைக் கிழித்து, பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார். "பாத்துக்கிட்டீங்களா? புதுசு. அப்பறம் ரெத்தினம் கடையில சீக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொல்லப்படாது."

எய்ட்ஸ் பற்றிச் சலூன்காரர்களுக்கு எப்போதோ நடந்த முகாமில் கற்றுக்கொண்டது இது. அங்கே கொடுத்த படம் இன்னும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'சந்தேகமா? நம்பிக்கை மையத்துக்கு வாருங்கள்.' படம் வெளுத்துவிட்டது, ரெத்தினத்தின் பிரசங்கம் வெளுக்கவில்லை.

பூதலூர் ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. இரண்டு நாற்காலிகள். ஒன்று ரெத்தினத்துடையது, மற்றது அப்சர் பாயுடையது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வார்கள். தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்வது ரெத்தினத்துக்குக் கௌரவக் குறைச்சல். "டாக்டரு அவருக்கே ஆபரேசன் பண்ணிக்கிறாரா?"

அப்படிப்பட்டவர் போன ஆவணிக் கடைசியில் தாடி விட ஆரம்பித்தார். சலூன்காரர் முகத்தில் தாடி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? எந்தக் கோயிலுக்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவருடைய மனைவி அம்சம் யாரையும் கேட்கவில்லை. மகள் கயல்விழி அப்போது முழுகாமல் இருந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று திருக்கருகாவூர் அம்மனுக்குத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று அம்சம் தானே முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் மீன் கிடையாது. விரதக்காரருக்குக் கூடத்தில் தனிப் பாய். "புள்ளையப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டாரு. மனசுக்குள்ள எவ்வளவு வச்சிருக்காரு பாருங்க" என்று, அதே தெருவிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

ரெத்தினம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தனிப் பாய் அவருக்கு வசதியாக இருந்தது.

எனக்கு விஷயம் தெரிந்தது புரட்டாசியில். மழை. அப்சர் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். என் காதோரம் ஓடிக்கொண்டிருந்த கத்தரி நின்றது.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்." கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். "காரைக்கால்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு மொகச் சவரம் பண்ணிவிடப் போனேன். மொத நாளே சரக்கு. கூட இருந்தவனுங்க ஒரு லாட்ஜுக்குக் கூட்டிப் போனானுங்க. ஒரு பொம்பள. நான் காண்டம் போடல சார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவன், போடல."

எனக்குக் கோபம்தான் வந்தது. கூடத்தில் பாய் விரித்துக் கொடுக்கும் அம்சத்தை நினைத்தால் யாருக்குத்தான் வராது? கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"வந்ததுலேருந்து அம்சத்துக்கிட்ட அண்டல. அப்சர் பாய் கத்தியும் என் மொகத்துல படக்கூடாதுன்னுதான் தாடி. கீறிக் கீறி அவரு வெரல்ல எப்பவும் ஒரு காயம் இருக்கும். என் ரத்தம் அதுல பட்டுட்டா?"

கண்ணாடிக்குப் பக்கத்துப் படத்தைக் கை காட்டினேன். அங்கே போனீர்களா என்று கேட்டேன்.

"அதத் தெனம் பாக்குறேன் சார். அடுத்தவனுக்கு எழுதுனதுன்னே இருந்துட்டேன்."

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். தஞ்சாவூர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதுதான் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடம், பூவிழி என்ற ஆலோசகர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். "மறுநாளே வந்திருந்தா தடுக்குறதுக்கு மாத்திரை இருக்குங்க. மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும். பரவாயில்ல, இப்பவாச்சும் வந்தீங்களே" என்றார். டம்ளர், சோறு, துண்டு எதிலும் ஒட்டாது என்றார். அப்படியே இருந்தாலும் மருந்து உண்டு, நெடுநாள் நன்றாக வாழலாம் என்றார். ரெத்தினம் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அந்தப் பொம்பளையாலதான் மேடம்..."

"அவங்களுக்கு உங்களால எதுவும் வரலியே? அத நெனச்சீங்களா?"



அன்றே எடுத்த முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதுவரை மனிதர் பட்ட பாடு! வாடிக்கையாளர் எழுந்தவுடன் கண்ணாடியில் நாக்கை நீட்டி, வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தும்மல் வந்தால் முகம் செத்துவிடும். மீனில்லாச் சாப்பாட்டில் உடம்பு இளைத்தது. இளைத்ததைக் கண்ட கவலையில் மேலும் இளைத்தார்.

அப்சர் பாய் வேறு கணக்கில் இளைத்தார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவருக்குக் கை லேசாக நடுங்கும். "கோயில் கீயில் எல்லாம் பொய் சார். என் கையி மேல அவருக்கு நம்பிக்க போயிடுச்சு. சொல்ல சங்கடப்பட்டுக்கிட்டு தாடி விடுறாரு. நான் நாற்காலியக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். ரகசியம் என்னுடையதல்ல. கார்த்திகை வரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கார்த்திகையில் போனோம். "உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லீங்க. இனிமே பயப்பட வேணாம்" என்றார் பூவிழி. ரெத்தினம் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சம்பா வயல்களை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்தப் பொம்பளையும் போய்ப் பாத்திருக்கணும் சார். நல்லா இருக்கணும்" என்றார்.

வீட்டுக்குப் போன கையோடு அம்சத்திடம் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் பேசல சார். நேத்து விரால் மீன் கொழம்பு வச்சா. தட்ட மட்டும் ணங்குன்னு வச்சா." அந்தச் சத்தத்தை அவர் சொன்ன விதத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தனிப் பாய் மட்டும் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறதாம்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. எவனாச்சும் படிச்சிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும். எங்க பேரையெல்லாம் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கடையில் இருந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ரெத்தினம் ஒன்றும் பேசாமல் போய் அப்சர் பாயின் நாற்காலியில் உட்கார்ந்தார். பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தாடியைக் கத்தரித்து, நுரை தடவி, புதுப் பிளேடை எடுத்து, கடை வழக்கப்படி ரெத்தினத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது.

ரெத்தினம் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டிக் கொடுத்தார்.