அம்மாவை ஏற்றாத பஸ்கள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் அம்மாவை எந்த பஸ்ஸிலும் ஏற்ற வேண்டாம் என்று கண்டக்டர்களிடம் சொல்லிவைத்தது நான்தான். அம்மா போய் இத்தனை வருஷமாகியும் இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அப்பா தொண்ணூற்று மூன்றில் இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த ஞாயிறு, அம்மா மாதா கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எனக்குப் பதினாலு வயது. பின்னாலேயே ஓடினேன். புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸில் போர்டைக்கூடப் பார்க்காமல் ஏறி, "கடைசி ஸ்டாப்பு ரெண்டு குடுப்பா" என்றாள்.

"எந்த ஊரும்மா?"

"எந்த ஊரா இருந்தா இன்னா? பஸ்ஸு எங்க திரும்புதோ அங்க."

அன்றைக்கு வல்லம் போனோம். யாரோ முன்பின் தெரியாத பெண்கள் களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் உட்கார்ந்து ஆய்ந்தாள். வீடு திரும்பினால் வாசலில் அத்தை நிற்கிறாள். "புருசன் போயி மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள ஊர் சுத்திக்கினு வர்றியா?"

"அழுவுறதுக்கு வூடுதான் வேணுமா? பஸ்ஸுலயும் அழுதுக்கினுதான் போனேன். பாப்பாவ கேளு."

உண்மைதான். போகும்போது அழுதாள். வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் இதே கதைதான். வாரமெல்லாம் தையல் மிஷின், ஞாயிறு பூசை முடிந்ததும் கடைசி ஸ்டாப். எந்தக் கண்டக்டரின் பெண் எந்த வகுப்பு, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்குக் கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு, லீவுக்குப் போகும் என் மகளையும் இழுத்துக்கொண்டு சுற்றினாள். என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே பஸ் போர்டுகளில்தான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என்னை அப்படிக் கொஞ்சியதில்லை.

அம்மாவுக்கு எழுபதை நெருங்கும்போது அது நடந்தது. அனந்தபுரத்தில் இறங்கியவளுக்குத் திரும்பிப் போக வேண்டிய ஊரின் பெயர் மறந்துவிட்டது. காய்கறிக் கடைக்காரி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை கத்தரிக்காய் எடை போட்டுக் கொடுத்திருக்கிறாள். தெரிந்த கண்டக்டர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்து விட்டார்.

"பேருதாண்டி மறந்துச்சு. யாராச்சும் கூட்டிக்கினு வந்துட மாட்டாங்களா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். விழுப்புரம் வரச்சொன்னால் வரமாட்டேன் என்றாள். நான் வேலையை விட்டு வந்து அவளோடு இருந்திருக்கலாம். அது என்னால் ஆகவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அனந்தபுரத்திலிருந்து கூட்டிவந்த அதே கண்டக்டர்தான் முதலில் அகப்பட்டார். "அம்மாவையா? எப்பிடி மேடம் எறங்கச் சொல்றது?" என்று தயங்கினார்.

"வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

அப்படிக் கேட்டால் பாவம், யார்தான் என்ன சொல்வார்கள்? மற்ற கண்டக்டர்களிடமும் அவரே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் அம்மா போன் செய்தாள். "மூணு பஸ்ஸுல எறக்கி உட்டுட்டாங்க பாப்பா. ஒருத்தனும் மூஞ்சியப் பாத்துப் பேசல. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தெரியலம்மா" என்றேன்.

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முன்னால் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகுமுன், அந்த வருஷம் யாரிடமெல்லாம் மனஸ்தாபமோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது அம்மாவின் வழக்கம். அத்தை வீட்டுக்கு வருஷா வருஷம் போவாள். இந்த முறை நான் போனபோது, கண்டக்டர்கள் விஷயத்தில் தன் பாவம் என்னவென்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"மாசமா இருந்த பொண்ணு ஒண்ணு ஓடியாந்துது. நிறுத்தாம போனான்னு பஸ்ஸு நெறைய ஆளுங்க இருக்கும்போது அவன திட்டிப்புட்டேன். அதான் எல்லாம் ஒண்ணா சேந்துக்கினாங்க."

அனந்தபுரத்திலிருந்து கூட்டிவந்தவரைத்தான் சொல்கிறாள். பச்சை மல்லாட்டை வாங்கி அவித்து மஞ்சப்பையில் கட்டி என்னிடம் கொடுத்தாள். "நான் போனா மூஞ்சத் திருப்பிக்குவான். நீ குடுத்துடு. அம்மா மன்னிச்சிக்கச் சொல்லுச்சுன்னு சொல்லு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான்தாம்மா சொன்னேன், உன்மேல் ஒரு தப்புமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திட்டியிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். பையை வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் பஸ் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அம்மா நல்லா இருக்காங்களா மேடம்? எங்களுக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது" என்றார். பையைக் கொடுத்தால் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருடைய மன்னிப்பை யாரிடம் சொல்வது? தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். ஸ்டாண்டின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை மல்லாட்டையையும் நானே உரித்துத் தின்றேன். காலிப் பையோடு திரும்பினேன்.

"இன்னா சொன்னான்?"

"சிரிச்சிக்கினே வாங்கிக்கினாரும்மா. மனசுல ஒண்ணும் இல்லையாம்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தாள். செய்யாத பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் முறை வந்தபோது, வழக்கமாகச் சொல்லும் கோபத்தையும் சோம்பலையும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் புதுப்புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. கண்டக்டர்களிடம் ஓடிப்போய் மாற்றிச் சொல்லவும் இல்லை. அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள். "ஒரு கார் சொல்லு. உன் வூட்டுக்கே போயிடலாம்" என்றாள். நான் வேண்டியது அதைத்தானே?

விழுப்புரத்தில் ஒரு வருஷம் இருந்தாள். "வா ஆயா, கடைசி ஸ்டாப் போலாம்" என்று என் மகள் கையைப் பிடித்து இழுப்பாள். "வேணாம் கண்ணு. என்னை ஏத்த மாட்டாங்க" என்பாள். எதிர்வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் குடித்துவிட்டுக் கையால் தடுத்தாள்.

"அந்த மல்லாட்டைல உப்பு பத்தலையோ பாப்பா?"

உப்பு சரியாகத்தான் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.