பொறி பார்த்துப் பழகிய கை

பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வண்டிகளுக்கு பேட்டரி, வயரிங் பார்க்கும் எங்கள் தொழிலில் மீட்டரெல்லாம் எடுக்க மாட்டோம். ஒரு துண்டு வயரால் இரண்டு முனையையும் லேசாக உரசுவோம், பொறி பறந்தால் உயிர் இருக்கிறது. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த பேண்டோடு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை எந்த ஊரில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பட்டாசு செய்கிற ஊரில் மட்டும் கூடாது. நான் கடை போட்டிருந்தது சிவகாசியில். என் மனைவி ஈஸ்வரி வேலை பார்த்தது பட்டாசுக் கம்பெனியில், திரி முறுக்கும் அறையில்.

பாட்டு கேட்ட வேன்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். கிராமம் கிராமமாக ஆள் ஏற்றக் கம்பெனிகள் வேன் விட்டிருந்தன. டிரைவர் பகலெல்லாம் மரத்தடியில் வண்டியைப் போட்டுப் பாட்டுக் கேட்பார். சாயங்காலம் வண்டி கிளம்பாது. எட்டு மணி நேரம் வேலை செய்த பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பாட்டுக்கும் லைட்டுக்கும் தனியாக இன்னொரு பேட்டரி வைத்துக் கொடு என்று முதலாளிகள் கேட்டார்கள். நான் இரண்டையும் நேராக வயரில் இணைத்தேன். பாட்டு இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டது.

அப்புறம்தான் மதுரையிலிருந்து அந்தச் சார்ஜர் பெட்டி வந்தது. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் அதை வைத்தால், என்ஜின் ஓடும்போது மட்டும் முதல் பேட்டரியிலிருந்து இரண்டாவதுக்குக் கரண்ட் போகும். நின்றால் வழியை அடைத்துவிடும். முதல் வேனில் சீட்டுக்கு அடியில் மாட்டிவிட்டு, பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பெண்களில் ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். அதோடு என் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

"எங்க சேலையெல்லாம் வெடிமருந்து அண்ணாச்சி, அதுக்கு அடியில கரண்ட கொண்டாந்து வைக்கிறீகளே."

ஆனைக்குட்டத்துப் படகு

ஆனைக்குட்டம் அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கி வந்திருந்தார். பிடித்த மீன் சாகாமல் இருக்க, தொட்டிக்குள் காற்று அடிக்கிற ஒரு சின்ன மோட்டார். அது பேட்டரியைக் காலி செய்ததில் நடுத்தண்ணீரில் என்ஜின் எடுக்காமல் நின்றிருக்கிறார். வேன் வைத்தியத்தையே படகுக்கும் செய்யச் சொன்னார். சந்தோஷமாகப் போனேன். சுற்றிலும் தண்ணீர், மருந்து வாடையே இல்லை. பல நாள் கழித்துப் பயமில்லாமல் வேலை பார்த்தேன்.

பெட்டியை மாட்டி, மரமூடியால் இறுக்கி மூடி, அணையை இரண்டு சுற்று சுற்றிவந்தோம். சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த கையோடு வயரை உரசினேன். சார்ஜ் ஏறும் பேட்டரி வாயு விடும், மூடி வைத்தால் அது உள்ளேயே தங்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? தெரிந்த எனக்குக் கைதான் அடங்கவில்லை. டப்பென்று பேட்டரியின் தலை பிளந்தது. ஆசிட் முகத்தில் அடித்தது. குத்தகைக்காரர் என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டார், அதனால்தான் கண் தப்பியது. கரையேறிய எனக்குத் துண்டைக் கொடுத்துச் சொன்னார்.

"இங்கனன்னா முங்கி எந்திரிச்சீக, இதையே உங்க ஊர்ல செஞ்சிருந்தா பொறுக்கித்தான் எடுக்கணும்."

மணிக்கட்டில் ஐந்து விரல்

அப்போதாவது திருந்தியிருக்க வேண்டும். ஒரு தீபாவளி சீசன் சமயம், கம்பெனிக்குள்ளேயே லோடு வேன் ஒன்று நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வாசலில் செல்போன், தீப்பெட்டி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்கள். நைலான் சட்டையைக் கழற்றச் சொல்லி, பருத்தித் துண்டு ஒன்று கொடுத்தார்கள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க ஒரு செம்புத் தகட்டைத் தொடவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். வெளியே தள்ளிக்கொண்டுபோய்ப் பார்க்கலாமே என்றேன், கியர் இறுகிக் கிடக்கிறது என்றார் போர்மேன். வண்டியின் படியிலும் தரையிலும் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள் சிந்திக் கிடந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு என் கை என்ன செய்தது தெரியுமா? காதில் சொருகியிருந்த வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியில் வைத்துவிட்டது. மறு முனைக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது போர்மேன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கத்தவில்லை. ஓடவும் இல்லை. பிடித்த பிடியில் ரத்தம் நின்றுபோனது. வயரை மெதுவாக வாங்கிக்கொண்ட பிறகுதான் கையை விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே மருந்து அடைக்கிற கொட்டகையைக் காட்டினார்.

"அந்தச் செட்டுக்குள்ள முப்பத்தெட்டுப் பேரு இருக்காக, தம்பி."

பையில் ஒரு நட்டு

அன்றோடு உரசுவதை விட்டேன். ஆனால் பயம் வேறு வேலை செய்தது. ஈஸ்வரி போகிற வேனில் ஒருநாள் காலை சார்ஜர் மாட்டினேன். பொறி விழுந்துவிடுமோ என்று வயரில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன், டிரைவரும் நேரமாச்சு நேரமாச்சு என்று நின்றார். வேன் போன பிறகு டீக்கடையில் சில்லறைக்காகச் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். ஒரு நட்டு வந்தது. இரண்டாவது பேட்டரியின் முனையில் வயரை இறுக்க வேண்டிய நட்டு.

அது இல்லையென்றால் வயர் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குலுங்கலுக்கும் பொறி விழும். என் மொபெட்டில் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. ரோட்டோரம் எங்கே புகை தெரிந்தாலும் அந்த வேன்தானோ என்று தோன்றியது. குப்பை எரிக்கிற புகைகூட அன்றைக்கு என்னைக் கொன்றது.

கம்பெனி வாசலில் வேன் நின்றிருந்தது. பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காலை நேரம், துவைத்துக் கட்டிய சேலைகள், அதனால் பிழைத்தோம். அதே வண்டி சாயங்காலம் அவர்களை ஏற்றித் திரும்பியிருந்தால் அவற்றில் பூராவும் மருந்து இருந்திருக்கும். சீட்டைத் தூக்கினேன். பேட்டரி முனையில் பொறி தின்ற கருப்புக் குழிகள் நாலைந்து. நட்டைப் போட்டு முறுக்க முறுக்க அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை. ஈஸ்வரி தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கேட்டுக்குள் வளையலுக்கு அனுமதி இல்லை.

"ஒரு நாள் பயத்துக்கே இப்படி அழுகுறீகளே, நான் தெனமும் உள்ள போயிட்டுத்தான வாரேன்."

அதன்பிறகு நான் மாட்டிய ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்திருக்கிறேன், அவள் வேலை பார்த்த அறையில்தான் நான் முறுக்குவதற்கு ஒன்றும் இல்லை.