தோஹாவிலிருந்து நாலு மணி நேரம்

முனிராஜுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். அரூர்ப் பக்கம் அவனோடு மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். பள்ளிக்கூடத்தில் அண்ணன் நவநீதனை அறைந்த ஒருவனின் முன்பல் இரண்டைச் செங்கல்லால் உதிர்த்தவன். அதோடு முனிராஜின் படிப்பு நின்றது. அண்ணன் படித்து, வளைகுடா வேலைக்குத் தோஹாவுக்குப் போனான். அவன்மேல் மட்டும் முனிராஜ் கை வைத்ததில்லை, 'டா' போட்டதுமில்லை.

விடியும் முன்னால் அப்பா மாதப்பன் இறந்தார். போனில் நவநீதன் அழுதான்.

"எட்டு மணி ஃபிளைட்டுல டிக்கெட் கெடச்சிருச்சுடா. நான் மூஞ்சியப் பாக்காம மூடிராதீங்கடா."

முனிராஜின் மனைவி வெண்மதி செல்போனில் தேடிச் சொன்னாள். "பெங்களூருக்கு மூவாயிரம் கிலோமீட்டராட்டம் இருக்குதுங்க. ஃபிளைட்டு நாலு மணி நேரந்தான்."

"நம்ம சேலம் போய்ட்டு வர்ற நேரம்!" என்றான் முனிராஜ்.

பன்னிரண்டுக்கு இறங்குவான். அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். பந்தலில் எல்லார் முன்னாலும் முனிராஜ் சொன்னான்: "அஞ்சுக்குள்ள எங்கண்ணன் வந்துருவான்."

பொழுது சாய்வதற்குள் குழியை மூடிவிட வேண்டும் என்பது பங்காளிகளின் கட்டுப்பாடு. மூன்று மணிக்கே பெரியப்பா மகன் கிருஷ்ணப்பன் பாடையைத் தூக்கச் சொன்னான். "ஏண்டா முனி, ஒங்கண்ணன் ஒட்டகத்துலயா வர்றான்?"

யாரோ சிரித்தார்கள். பந்தல் கழி எப்போது கைக்கு வந்தது என்று முனிராஜுக்கே தெரியாது. கிருஷ்ணப்பனின் நெற்றி பிளந்தது. நாலு பேர் சேர்ந்து முனிராஜைத் தரையில் அழுத்தினார்கள். வாயில் மண்ணோடு கத்தினான். "அஞ்சு வரைக்கும் எவனாவது தொட்டீங்க, வெட்டிருவேன்!"

எவனும் தொடவில்லை. ஐந்தரையும் ஆனது. அண்ணனின் போன் அணைந்தே கிடந்தது. தலையில் துண்டைக் கட்டியிருந்த கிருஷ்ணப்பன் மெதுவாகக் கேட்டான். "பன்னண்டுக்கு எறங்குனவன் எங்கடா?"

இந்தக் கேள்விக்கு யாரை அடிப்பது? முனிராஜே பாடைக்குத் தோள் கொடுத்தான். மூத்தவன் போட வேண்டிய முதல் கைமண்ணையும் அவனே போட்டான்.

மேடு கட்டி மாலை சாத்தியபோது கார் வந்து நின்றது. ஓடி வந்த நவநீதனின் வாயிலேயே முதல் குத்து விழுந்தது. சாய்ந்தவனின் விலாவில் உதைத்தான் முனிராஜ். "எங்கடா குடிச்சிட்டுக் கெடந்த? பன்னண்டுக்கு எறங்கிட்டு எங்கடா போன?"

நவநீதன் ரத்தத்தைத் துப்பினான். "ரெண்டரைக்குத்தாண்டா எறங்குனேன், போனு வேற செத்துக்கெடக்குது! அந்த ஊரு எட்டு மணின்னா இங்க பத்தரைடா!"

இடுகாட்டில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

முனிராஜ் மேட்டைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனிடமிருந்து மம்பட்டியைப் பிடுங்கினான். கிருஷ்ணப்பன் குறுக்கே வந்தான். "மூடுனதத் தோண்டாதடா. குடும்பத்துக்கு ஆவாது."

"தள்ளுங்கண்ணா. இன்னொருக்கா மண்டைய ஒடைக்க வெக்காதீங்க."

கிருஷ்ணப்பன் விலகினான். முதல் வெட்டு மாலைகளைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. தலைமாட்டுப் பக்கம் மண் இளகியதும் முனிராஜ் மம்பட்டியை வீசிவிட்டு, குழிக்குள் குனிந்து விரல்களால் பறிக்கத் தொடங்கினான்.

"வாண்ணா," என்றான், திரும்பாமல்.