கார்புரேட்டர் கையில் இருந்தது

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். நானே நம்பாத கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். இருபத்திரண்டு வருஷமாக வண்டி மெக்கானிக். எந்த இஞ்சின் எதனால் ஓடும், எதனால் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "போய் வேலையைப் பாருய்யா" என்று விரட்டுகிறவன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. அதில் பத்து நிமிஷத்தை என் காதாலேயே கேட்டேன்.

நடந்தது என் தங்கை புருஷனுக்கு. மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். அவளைக் கட்டுவதற்கு முன்பே என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அதனால் மரியாதை எல்லாம் கிடையாது. அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஃபாக்டரியை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருந்தான். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை ஆறு வயது சிட்டுவைப் பார்த்துக்கொள்வது இவன் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் தும்மினால் இவனுக்குக் காய்ச்சல் வரும்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரு பழைய தோட்டத்து ட்ராக்டரை வாங்கிப் போட்டான். புல் வெட்ட, மண் இழுக்க வைத்துக்கொள்வார்களே, அந்தச் சின்ன வண்டி. என் வயதைவிட அதன் வயது அதிகம். துருப்பிடித்துக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, நூலில் நம்பர் அட்டை கட்டி, எனக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தான். வேலை சுத்தம். கைக்கு மூளை இருக்கிறது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நாலாவது வாரம் ஒன்று சொன்னான். "மச்சான், காலைல ஷெட்டைத் திறந்தா சீட்டு மட்டும் சூடா இருக்குடா."

"தகரக் கூரைல்ல? வெயில்" என்றேன்.

"இன்னிக்கு மழை."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. சிட்டு அந்த சீட்டில் ஏறி விளையாடுவாள். ஆனால் நுனியில்தான் உட்காருவாள். விழுந்துவிடப் போகிறாள் என்று பயந்து, "பின்னாடி தள்ளி உக்காரும்மா" என்றானாம். "இடம் இல்லப்பா" என்றாளாம். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் காலியிடம் இருந்தது.

அவன் என்னிடம் கேட்டான். "பிள்ளையை அதுல ஏற விடலாமாடா?"

நான் மெக்கானிக் மூளையோடு பதில் சொன்னேன். "கார்புரேட்டரைத்தான் கழட்டிட்டியே. பெட்ரோலே உள்ள போகாது. அது இப்ப வெறும் இரும்பு. தாராளமா விளையாடட்டும்." என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே மோசமான பதில் அது. இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. மாலை 4.41.

மாப்ள சமையலறையில் இருந்தான். மேசையில் பழைய பேப்பரை விரித்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் கார்புரேட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே பார்த்தால் ஷெட் தெரியும். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. சிட்டு சீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

கர்ர்... கர்ர்ர்... தட்.

நிமிர்ந்து பார்த்தான். ஷட்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. யாரோ நிதானமாக இழுத்து மூடுவதைப் போல.

தட்... தட்... தட் தட் தட் தட்...

இஞ்சின் ஓடியது.

அவன் ஓடினான். ஷட்டரின் அடியில் கைகொடுத்துத் தூக்கினான். அசையவில்லை. பூட்டு கிடையாது, அந்த ஷட்டருக்குக் கொக்கிகூடக் கிடையாது. கார்புரேட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. பக்கத்து வீடு காலி. கத்தினான். ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

4.43. என் போன் அடித்தது.

"மச்சான்! ஓடுதுடா! பாப்பா உள்ள இருக்காடா!"

"என்னடா ஓடுது?"

"வண்டி! ஷட்டர் மூடிக்கிச்சு!"

"சாவி எங்க?"

"என் பாக்கெட்ல!"

"நடக்காதுடா. கார்புரேட்டர் இல்லாம..."

"என் கையில இருக்குடா அது! கையில வச்சிருக்கேன்!"

போனில் எனக்குக் கேட்டது. தட் தட் தட் தட். பழைய ஒற்றை சிலிண்டர் இஞ்சின். நன்றாகவே ஓடியது. மூடிய இடத்தில் வண்டிப் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பெரிய ஆளுக்கே சில நிமிஷம் போதும். அவளோ ஆறு வயதுப் பிள்ளை.

பட்டறைப் பையனின் போனைப் பிடுங்கித் தீயணைப்புக்குச் சொன்னேன். இருபது நிமிஷமாகும் என்றார்கள்.

"மாப்ள, பின்பக்கம் ஜன்னல் இருக்கா?"

"கம்பி போட்டது... சின்னது..."

"கண்ணாடியை உடை. காத்து போகட்டும்."

4.46. கண்ணாடி நொறுங்குகிற சத்தம். அப்புறம் இருமல். புகை அவன் முகத்தில் அடித்திருக்கிறது. அந்தப் புகைக்குள் அவன் மகளைப் பார்த்தான். சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலை தொங்கவில்லை. சாய்ந்திருந்தது. எதன் மேலோ.

"சிட்டு! இறங்கு! அப்பாகிட்ட வா!"

அவள் குரல் எனக்கும் கேட்டது. தூக்கக் குரல்.

"விட மாட்டேங்கிறாங்கப்பா..."

4.48. சம்மட்டியை எடுத்து ஷட்டரை அடித்தான். டங்... டங்... ஒவ்வொரு அடிக்கும் இஞ்சின் வேகம் கூடியது. அடியை நிறுத்தினால் குறைந்தது.

கேலி செய்தது.

4.51. ஜன்னலுக்கு ஓடினான். "சிட்டு... சிட்டும்மா..."

பதில் இல்லை.

நான் வண்டியை விரட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்பது கிலோமீட்டர். காதில் போன். அவன் அழுதுகொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"யாரா இருந்தாலும் சரி... காலைப் பிடிக்கிறேன்... அவளை விட்டுடு..."

தட் தட் தட்.

"என்னை எடுத்துக்க..."

தட்... தட்...

"நான் உக்காருறேன். அவளை இறக்கி விடு. நான் வந்து உக்காருறேன்."

தட்.

நின்றது.

4.53.

ஷட்டர் அவன் கை பட்டதும் மேலே போனது.

சிட்டு பிழைத்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. "ரத்தத்துல இஞ்சின் புகை கலந்திருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா எங்க கையில இல்ல" என்றார் டாக்டர். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று போய்ச் சேர்ந்த உடனேயே நான் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

அடுத்த வாரமே அந்தச் சனியனை என் பட்டறைக்கு இழுத்துவந்து, கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டேன். மாப்ள நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. விற்ற ஆளை நச்சரித்து, அவனுக்கு முன்னால் அதை வைத்திருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். நேற்றுக் காலை 10.15க்குப் போனேன். ஒரு அம்மா கதவைத் திறந்தார். வயது அறுபது இருக்கும். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளை இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"அப்ப யாரு உக்காருறேன்னு சொன்னது?"

வாக்கு கொடுத்த கதையை நான் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை.

"எங்க வீட்டுல அவரு சொன்னாரு" என்றார். "பையன் பொழச்சான். சரியா முப்பதாம் நாள் காலைல அவரை ஷெட்ல பார்த்தோம். வெறும் இடத்துல, உக்காந்த மாதிரியே விறைச்சுப் போயிருந்தாரு. உடம்பெல்லாம் புகை நாத்தம்."

"வெறும் இடத்துலயா? வண்டி?"

"வண்டி ஏதுப்பா? அதுக்கு ரெண்டு வாரம் முந்தியே துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டோமே."

அப்படி வெட்டிப் போட்டதைத்தான் மாப்ள முழு வண்டியாக வாங்கியிருக்கிறான். மாப்ளயையும் சிட்டுவையும் தங்கையையும் நேற்றே என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. இன்று இருபத்தொன்பதாம் நாள். எதிரே உட்கார்ந்து மகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா மச்சான், காலைலருந்து எழுதிக்கிட்டே இருக்க?"

"ஒண்ணுமில்லடா" என்றேன்.