ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டு மளிகைச் சாமான் பட்டியலிலேயே தீர்ந்துபோனது. இரண்டாவதில் பேத்தி யானை வரைந்துவிட்டாள். மூன்றாவதில் பிள்ளையார் சுழி போட்டு, ‘முருகா’ என்று எழுதி, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் சாமி அலமாரியிலேயே வைத்திருந்தேன். சாமி பெயருக்குக் கீழே எழுதக்கூடிய சங்கதியா இது என்று கை கூசியது. நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தப்பைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் காம்பவுண்டு சுவரில் யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் பூப்பறிக்க வெளியே வந்தால் அந்தப் பசை வாசம். மைதாவைக் காய்ச்சி, மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. புளித்த தோசைமாவையும் மருந்துக் கடையையும் ஒன்றாகச் சேர்த்து மோந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்த வாசம் வந்தால் உடனே வயிறு எரியும். அன்றைக்கும் எரிந்தது. பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போஸ்டரைக் கிழித்தேன். பாவம், அந்தக் குழந்தைக்குக் காது குத்தினால் எனக்கென்ன வந்தது?

திருப்பூர் அப்போது நகராட்சி. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி ஊருக்குச் சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லும். குடிநீர் வராது என்றால் மைக் கட்டிய ஆட்டோ வரும். அதில் பேசுகிறவருக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். ‘நாளை குடிநீர்’ என்பது மட்டும் காதில் விழும். வருமா வராதா என்பதற்குள் ஆட்டோ அடுத்த வீதிக்குப் போயிருக்கும். ஊருக்கே பொதுவான சமாச்சாரம் என்றால் ஆபீஸ் வாசலில் கம்பிவலை போட்ட போர்டில் ஒட்டுவார்கள். புதுக் கதவு எண், வாக்காளர் பட்டியல், நாய்க்கு லைசென்ஸ், எந்த வீதியில் எந்தக் கிழமை குப்பை வண்டி, எல்லாம் அங்கேதான். ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றியது என்றால் அந்தக் கட்டடத்தின் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டி, நகல் ஒன்றை அந்தப் போர்டிலும் போட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் சாமியே வந்து சொன்னாலும் எடுபடாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆறு தையல் மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் வேலை செய்தார்கள். என்னை ‘மொதலாளி’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், அந்த வார்த்தை இனிக்கவும் செய்யும். துணி ரோலை ஏற்றிய தள்ளுவண்டி வீட்டை ஒட்டியிருந்த சந்து வழியாகத்தான் கொட்டகைக்கு வரும். எட்டடி அகலச் சந்து. நகராட்சிப் பதிவேட்டில் அது பொதுவழி. அந்தச் சந்து இருக்கும்வரைதான் எனக்குத் தொழில். சந்துக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை. பட்டறைக்காரருக்கு அந்த எட்டடி மேல் கண்.

எங்கள் வார்டுக்குப் பில் கலெக்டர் சபாபதி. வரி வசூலுக்கு வந்தால் கொட்டகையில் டீ குடிக்காமல் போகமாட்டார். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று, தட்டிலிருந்த திருநீற்றை எடுத்துப் பட்டையாக இழுத்துக்கொள்வார். “மொதலாளி, உங்க முருகன் பவருங்க. இங்க துந்நூறு வெச்சுட்டுப் போனா அன்னைக்கி கலெக்சன் அள்ளுது” என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். அவருக்காகவே பழனியிலிருந்து வாசனைத் திருநீறு வாங்கி வைத்தேன். இதை எழுதும்போதே என்னை நானே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

இப்போது ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகைக்குக் கதவு கிடையாது, இரும்பு ஷட்டர்தான். ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து மேலே சுருட்டி ஏற்றினால், தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம்தான் இறங்கும். இடையில் இரண்டு ஷிப்டு ஓடும். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். அந்தச் சீசனில் ஷட்டரை இறக்கினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. மழை அடித்தால்கூட படுதாதான் கட்டுவோம். இதெல்லாம் சபாபதிக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருடம் எங்கள் டீயைக் குடித்த ஆள்!

அந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள் போனஸ் கொடுத்து, ஆளுக்கொரு பொட்டலம் இனிப்பும் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்தேன். வெளிப்பக்கம் வெள்ளையாக ஒரு காகிதம். சுருளுக்குள் கிடந்து கிடந்து, பசையெல்லாம் காய்ந்து, அப்பளம் மாதிரி நொறுங்கி நின்றது. வாசம் மட்டும் போகவில்லை. என் மனைவி மரகதம் பத்தாவது படித்தவள். அவள்தான் படித்தாள்.

“ஏனுங்க, சந்தை வீதிக் கணக்குல இருந்து எடுக்கறாங்களாமா. ஆச்சேபணை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள சொல்லோணுமாமா.”

“எந்தச் சந்தை?”

“நம்ம சந்தைத்தானுங்க.”

தேதியைப் பார்த்தால் பதினைந்து நாள் முடிந்து அதற்கு மேல் இரண்டு நாளும் ஆகியிருந்தது.

தீபாவளி கழித்து வேலைக்கு வந்தவர்களை விசாரித்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மெஸ்ஸுக்குப் போனபோது, ஓவர்லாக் டெய்லர் பழனிச்சாமி மட்டும் துணிக்குவியல் மேல் படுத்திருந்திருக்கிறான். “ஒரு நா சித்த நேரம் இருட்டுக் கட்டுச்சுங்க மொதலாளி. மழை வருதாட்டங்குதுன்னு திரும்பிப் படுத்துட்டனுங்க” என்றான். இன்னொருத்தன், “மழை வந்தா சட்டரு தானா எறங்குமாடா, மசையா?” என்று அவன் தலையில் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த இருட்டில்தான் ஷட்டரை இறக்கி, பசை தடவி, ஒட்டி, மறுபடி மேலே தள்ளியிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து இரண்டும் சாயப்பட்டறை ஆட்களுடையது.

நகராட்சி ஆபீசுக்கு ஓடினேன். சபாபதி தலையை நிமிர்த்தவே இல்லை.

“கதவுல ஒட்டியாச்சுங்களே. சாட்சி இருக்குது, பாருங்க.”

“சார், சட்டரு மேல சுருட்டிக் கெடக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“மொதலாளி, தொறந்து வெச்சது நீங்க. ஒட்டறதுதானுங்க என்ற வேலை. படிச்சுக் காட்டறதுக்கா எனக்குச் சம்பளம்?”

பக்கத்து மேஜையில் இருந்தவர் வாயில் இருந்த வெற்றிலையோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் அப்படியே கேட்கும்.

தை மாதம் சந்தின் வாயில் சுவர் எழும்பியது. துணி ரோலைத் தலையில் சுமந்து, வீட்டு நடை, சமையலறை தாண்டிக் கொண்டு போனோம். ஒரு தடவை வெள்ளைத் துணியில் சாம்பார்க் கறை பட்டது. கம்பெனிக்காரர் நல்ல மனுசர், இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை ரோல் வரவில்லை. ஒவ்வொரு மிஷினாக விற்றேன். மொதலாளியாக இருந்தவன், அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டு பனியனில் ஓட்டை தேடினேன்.

அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போனேன். எல்லோரும் பிள்ளைக்குப் படிப்பு, பெண்ணுக்குக் கல்யாணம் என்று வேண்டுவார்கள். நான், ‘முருகா, அவனுக்கும் ஒரு காகிதம் வரணும், நான் அதைப் பார்க்கணும்’ என்று வேண்டினேன். இதை வேண்டுதல் என்பதா என்று தெரியவில்லை. கையைக் கூப்பித்தான் கேட்டேன்.

வேண்டினால் நம் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே. தினமும் வேலைக்குப் போகும்போது சைக்கிளை நகராட்சி வாசலில் நிறுத்தி, அந்தக் கம்பிவலை போர்டை மேலிருந்து கீழ்வரை படிப்பேன். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். வருடங்கள் போகப் போக எனக்குப் ‘போர்டுக்காரர்’ என்றே பெயராகிவிட்டது. டீக்கடையில், பஸ்ஸில், கோவிலில், “ஏனுங்க போர்டுக்காரரே, நம்ம வீதிக்கு எதாச்சும் போட்டிருக்கறாங்களா?” என்பார்கள். சொல்வேன். வேஸ்ட் துணி வியாபாரம் செய்த இஸ்மாயில் பாய் குடோனுக்கு இந்த மாதிரி ஒரு நோட்டீஸ் வந்தபோது, பன்னிரண்டாம் நாள் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். குடோன் தப்பியது. ரம்ஜானுக்கு ரம்ஜான் வீட்டுக்குப் பிரியாணி வரும். நாங்கள் கவுச்சி சாப்பிடுவதில்லை என்பது தெரிந்து சேமியாவும் தனியாக வரும். என்னை நல்லவன் என்று ஊரே சொன்னது. ஒரே ஒரு பெயருக்காகத்தான் நான் படிக்கிறேன் என்பது மரகதத்துக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பெயர் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம் வந்தது. சபாபதி ரிட்டையர் ஆகி, பெருமாநல்லூர் ரோட்டில் வீடு கட்டியிருந்தார். அதன் முன்பகுதி சாலைப் புறம்போக்கில் இருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் பத்திரத்தோடு பதினைந்து நாளுக்குள் வர வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். நான் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த வாசம் அன்றைக்கு மட்டும் கற்பூரம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் சைக்கிளை அந்தப் பக்கம் விட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில் ஒட்டியிருந்தார்கள், ஒழுங்காகத்தான். இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் போனால் கேட்டில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

ஒன்பதாம் நாள் சஷ்டி. கோவிலில் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே சபாபதியின் மனைவி. அந்தம்மா யார் வம்புக்கும் போகாதவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நல்லாருக்கறீங்களா சாமி? அவுருக்குக் கண்ணு ஆப்பரேசனுங்க. உடுமலைல புள்ள ஊட்டுல கெடக்கறோம். ஊட்டைப் பூட்டி ஒரு மாசமாச்சு. இன்னைக்கு எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“அப்படீங்களா.”

“நீங்க தெனமும் போர்டு படிக்கறீங்களாமா. நம்முளுது எதாச்சும் வந்துச்சுங்களா?”

உள்ளங்கையில் திருநீறு. நேரே சாமி. ஆறு நாள் மிச்சம் இருந்தது.

“ஒண்ணும் இல்லீங்க.”

“ரொம்ப சந்தோசமுங்க” என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு இடித்தார்கள். முன்னால் இரண்டு அறை. பத்திரம் அவர் பீரோவிலேயே இருந்ததாம்; காட்டியிருந்தால் விட்டிருப்பார்களாம். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். சபாபதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“போர்டுல போட்டிருந்தாங்களாமா. நீங்க பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. உங்க ஊட்டம்மா கேட்டாங்க. இல்லீன்னு சொல்லீட்டனுங்க.”

கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டருக்குங்களா?”

“ஆமாங்க.”

அவ்வளவுதான் பேசினோம். வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி. மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, “அந்த முன்னறையிலதானுங்க அந்தம்மா புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டிருந்துச்சு” என்றாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ‘இல்லீங்க’ என்றுதான் சொல்லியிருப்பேன். இதை மறைத்து எழுதுவதற்கு எதற்கு நோட்டு?

அடுத்த நாளிலிருந்து போர்டுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்றேன். கோவிலுக்கு மட்டும் போகிறேன். முருகனுக்கும் எனக்கும் இடையில் இந்தப் பேச்சு வருவதில்லை. அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது ஊர் மாநகராட்சி. எல்லாம் போனில் வருகிறது, குடிநீர் உட்பட. அந்தக் கம்பிவலை போர்டு இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். சாயப்பட்டறை பூட்டிக் கிடக்கிறது. சந்தை விழுங்கிய சுவருக்குள் கருவேலமரம். நோட்டீஸ் ஒட்டப் பக்கெட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஆபீசிலிருந்து யாரும் வருவதில்லை. சபாபதி போய்ப் பல வருடமாகிறது. அந்தம்மாவும் போன ஆடியில் போய்விட்டார். சபாபதி சொன்னாரோ இல்லையோ, என் மூலமாக அவர் காதில் விழக்கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் மருமகனிடம் ஒரு தடவை வாய்விட்டேன். அவர் நல்ல பிள்ளை, என் மேல் மரியாதை உள்ளவர். பதினாலாம் நாள் நான் மனசு கேட்காமல் உடுமலைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டதாகவும், அவர்கள்தான் வந்து சேர நேரமாகிவிட்டதாகவும் சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம். நான் பஸ் ஏறவில்லை. அந்தம்மா கேட்டார், நான் இல்லை என்றேன், அவர் என்னைக் கும்பிட்டார். இதில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள்.