பதுவைக்குப் போன கைலி

12-4-2025: அரைக்கால் சட்டை இரண்டு, ரூ. 1,398
14-4-2025: ஆஞ்சலாவுக்குக் கையில்லாத மேல்சட்டை மூன்று, ரூ. 1,650
22-4-2025: கறுப்புக் கண்ணாடி இரண்டு, ரூ. 900

பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற தாஸுக்கு, காகிதத்தில் வராத எதுவும் வந்ததாகாது. இத்தாலிப் பயணத்துக்குப் பணம் கட்டும்போதே, "வாட்ஸ்அப்பெல்லாம் வேணாம், எதுவானாலும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். உடுப்பு விஷயத்தில் மட்டும் தபாலுக்குக் காத்திருக்காமல், மர்பி டவுனில் பக்கத்து வீட்டு சுஹாஸைக் கேட்டார். தாய்லாந்துக் கடற்கரைக்குப் போய் வந்தவன்.

"ஃபாரின்ல எல்லாம் ஷார்ட்ஸ்தான் அங்கிள். ஆன்ட்டிக்கும் சேலை வேணாம்."

மனைவி ஆஞ்சலாவின் சேலைகள் பீரோவிலேயே தங்கின.

அவள் கிளம்பியதே இத்தாலியின் பதுவை நகரில் உள்ள அந்தோணியார் கோயிலுக்காக. தாஸுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்தால் இருவரும் சேர்ந்து அங்கே முட்டி போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். பயண பஸ் அவர்களை அந்தக் கோயில் முன் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாகப் போய்விட்டது. வாசல் காவலர் ஆஞ்சலாவின் தோளைக் காட்டினார். தாஸின் முழங்காலைக் காட்டினார். கூடாது என்று தலையை ஆட்டினார்.

கூட வந்தவர்கள் முழுக்கால் சட்டையும் சால்வையுமாக உள்ளே போனார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஏப்ரலிலேயே தகவல் வந்திருந்ததாம்.

"நம்ம ஊர் கோயிலுக்கு இப்படித் தொடை தெரிய வருவீங்களா?" என்றாள் ஆஞ்சலா.

"இது ஃபாரினாச்சே."

"அந்தோணியாருக்குமா ஃபாரின்?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட கைலியை எடுத்தாள். மானம் போய்விடும் என்று தாஸ் தடை போட்டிருந்த பொருள். புல்லில் விரித்துச் சாப்பிட ஆகும் என்று ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒண்ணுதானே இருக்கு. நீ போத்திக்கிட்டுப் போ, நான் இங்கயே நிக்கறேன்."

"சேந்து வர்றோம்னுதாங்க நேர்ந்தேன். ஆபரேஷன் எனக்கா நடந்துச்சு?"

தாஸ் கைலியைப் பல்லால் கடித்து, குறுக்கே கிழித்தார். ஒரு பாதி அவள் தோளுக்கு. மறுபாதி அவர் இடுப்புக்கு. முழங்காலைத் தாண்டி நான்கு விரற்கடை இறங்கியது. காவலர் ஒதுங்கி வழிவிட்டார்.

இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், முட்டி போட்டார்கள். எழுந்தபோது தாஸின் பாதி அவிழ்ந்தது. வாசல்வரை அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தார். ஆஞ்சலா அப்போதும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்க.

கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று பயண நிறுவனம் எழுதிய கடைசிக் கடிதம், தாஸ் கேட்டபடியே ரிஜிஸ்டர் தபாலில், அவர்கள் ஊர் திரும்பி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது: 2-6-2025.