ட்ரம்முக்குள் போன என் குரல்

என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டல் பேண்டில் ட்ரம்ஸ் வாசித்தவர். முறையாக ஜாஸ் இசை கற்றவர். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மீன் வாங்க வருகிறவர்களிடம்கூட. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓட்டல்காரர்கள் பேண்டை நிறுத்திவிட்டு ரெக்கார்டு போட ஆரம்பித்தார்கள். இவர் ட்ரம் செட்டை மீன் லாரியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான பழவேற்காட்டுக்கே வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் ட்ரம் செட் குடியேறியது. மற்றதில் மாமனார், நாங்கள், பிள்ளைகள்.

விடியும்வரை ஏரியில் வலை போட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவர் மாமனார். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"ஏம்பா, இத்த அடிச்சா இறாலாவது வருமா?"

"நைனா, இது ஜாஸ்."

"இன்னா சாஸோ. ஏரிக்கு அந்தாண்ட போயி அடி."

என் வீட்டுக்காரர் அசரவில்லை. வீட்டிலேயே பாப் பாட்டு கேசட் போடப்போவதாக அறிவித்தார். "பாப்புன்றது இன்னா பெரிய வித்தையா? கண்ண மூடிக்கினு போடலாம். நீ பாடுமே" என்றார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள் நான். மெட்டுகளையும் அவரே போட்டார். அவை நன்றாகவே இருந்தன.

கொழுந்தன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில்தான் பதிவு. சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று ஜன்னலை மெத்தையால் அடைத்தார், சுவரெல்லாம் மாமனாரின் பழைய வலைகளைத் தொங்கவிட்டார். அந்தப் புழுக்கத்திலும் மீன் வாடையிலும் நின்றுகொண்டு நான் காதல் பாட்டுப் பாடினேன்.

"கோயில்ல பாடற மாதிரி இழுக்காதமே. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால வா."

"பின்னால வந்தா லேட்டுன்றீங்க, முன்னால வந்தா அவசரம்ன்றீங்க. எங்கதான் நிக்கறது?"

கேசட் முடிந்ததும் போட்டுக் கேட்டோம். ஒரே இடி முழக்கம்.

"என் குரல் எங்கங்க?"

"உள்ள கீது. கவனிச்சுக் கேளு."

கவனித்தேன். மூன்றாவது பாட்டில் ட்ரம்மின் இரண்டு அடிகளுக்கு நடுவே கொசு மாதிரி ஏதோ கேட்டது. அது நான்தான்.

அதைப் பொன்னேரியில் ஒரு கேசட் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். திரும்பும் பஸ்ஸில் இவர் கேசட்டை மடியில் வைத்துத் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஜனங்க இன்னும் ரெடியாவல."

ஜனங்கள் ரெடியாகும்வரை சும்மா இருக்க முடியாதே. மெட்ராஸ் கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போனார். அவர் கிளம்பியதும் ஜன்னலிலிருந்து மெத்தையை எடுத்தேன். அதே பாட்டுகளை, பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லி, காற்றோட்டமாக உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாளென்று கொடுத்தேன். அவள் அண்ணன் டீக்கடை வைத்திருந்தான். அங்கே அது தினமும் பாடியது.

திரும்பி வந்தவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே அதைக் கேட்டிருக்கிறார். நேரே வீட்டுக்கு வந்து, "யாரு ட்ரம்ஸு?" என்றார்.

"யாரும் இல்ல."

"அதான் காலியா கீது."

ஆனாலும் சாப்பிட்டபின் கேசட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார். தொடையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். அந்த அளவுக்கு மட்டும் வாசித்தால், அவர் நல்ல ட்ரம்மர்தான்.